ஆயா நட்ட நாலு கரும்பு

பண்ருட்டின்னு சொன்னதும் எல்லாருக்கும் பலாப்பழம்தான் ஞாபகம் வரும். ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரமே ரூம்மேட் கேட்டான்: "மச்சான், சீசன்ல ஒரு மூட்டை பலா எடுத்துட்டு வருவியா?" பலாவை மூட்டை கட்ட முடியாதுன்னு அவனுக்குப் புரிய வைக்கவே ஒரு செமஸ்டர் ஆச்சு.

அந்தப் பலாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பலா மரத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டி முடிச்சதும் அதுக்கு வேலை இல்லை. கறுத்து, மேலே சாம்பல் கறுப்பா பூசணம் பூத்து, கீழே விழுந்துடும். புதுசா தோப்பு வாங்குனவங்க இதைப் பார்த்துப் பதறிப்போய் மருந்து அடிப்பாங்க. பழைய ஆளுங்க சிரிப்பாங்க. பூசணம் இருக்கிறது உண்மைதான். ரைசோபஸ்னு பேர், பழைய ரொட்டியில வளருதே, அந்த வகையறா. ஆனா பூ செத்ததுக்கு அது காரணமில்லை. வேலை முடிஞ்ச பூவை அது தின்னுது, அவ்வளவுதான். அதே ரைசோபஸ் மழைக்காலத்துல பெண் பிஞ்சு மேல ஏறினா கதையே வேற. அப்போ நிஜமாவே பிஞ்சு அழுகி விழும்.

ஒரே பூசணம். ஒரு இடத்தில் குற்றவாளி, இன்னொரு இடத்தில் வெறும் துப்புரவுப் பணியாளர். கண்ணால் பார்த்தால் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அப்போ ஒரு பூஞ்சைதான் ஒரு செடியைக் கொன்னதுன்னு எப்படி நிரூபிக்கிறது? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி எதுக்குன்னு கேட்டா, எங்க வீட்ல ஒரு போலீஸ் கம்ப்ளெயின்ட் இந்தக் கேள்வியில்தான் நின்னுச்சு.

எங்க ஊர்ப்பக்கம் செம்மண் மேட்டில் பலாவும் முந்திரியும். கெடிலம், பெண்ணையாற்றுப் பக்கம் இறங்கினா கரும்பு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கறதால தலைமுறை தலைமுறையா கரும்பு போட்டுப் பழகின பூமி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழை விட்ட பிறகு, எங்க சித்தப்பா கொல்லியில் கரும்பு ஒண்ணொண்ணா காய ஆரம்பிச்சுது. நடுத்தோகை மஞ்சளாகி, ஓரத்திலிருந்து காஞ்சு, பத்து நாள்ல முழுத் தூரும் சாஞ்சுது. கரும்பை வெட்டிப் பிளந்தா உள்ளே சிவப்பு. மோந்து பார்த்தா புளிச்ச கள்ளு வாடை.

டீக்கடையில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. தண்ணி தேங்குனதுதான் காரணம்னு ஒருத்தர். உரம் அதிகம்னு ஒருத்தர். கண்ணு பட்டுருச்சுன்னு ஆயா. சித்தப்பாவோ மேட்டுக்கொல்லிப் பங்காளியைக் கை காட்டினார். அவர் வயல் வடிதண்ணி எங்க வாய்க்கால் வழியாத்தான் வரும். வரப்புத் தகராறு ஏற்கெனவே பத்து வருஷமா இருக்கு. "வேணும்னே அழுகல் தண்ணிய தொறந்து வுட்டான்டா. எழுதுடா கம்ப்ளெயின்ட்ட, நீதான் படிச்சவன்" என்றார். கரும்பு மேல சித்தியோட வளையல் அடகில் இருந்தது. அவர் கோபத்தைத் தப்பு சொல்ல முடியாது.

ஆலையோட பீல்டுமேன் வந்து நாலு கரும்பைப் பிளந்து பார்த்தார். "அண்ணே, சிவப்ப மட்டும் பாக்காதீங்க. புழு கடிச்சாலும் கரும்பு உள்ள சிவக்கும், அடிபட்டாலும் சிவக்கும். இங்க பாருங்க, சிவப்புக்கு நடுவுல குறுக்க குறுக்க வெள்ளைத் திட்டு. இது செவ்வழுகல்." கடையில் சொல்லி வச்சிருந்த விலை உயர்ந்த மருந்தையும் அவர்தான் வேண்டாம்னார். பூஞ்சை தண்டுக்குள்ளே இருக்கு, மேலே அடிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது.

நோய்க்குப் பேர் தெரிஞ்சாச்சு. ஆனா அது எப்படி வந்துச்சுன்னு தெரியலை. அதுக்கு ஒரு பதிலை ஆயாதான் வச்சிருந்தாங்க, அவங்களுக்கே தெரியாம. மாசியில் நடவு முடிஞ்சு மிச்சம் கிடந்த கரணையை வீணாக்க மனசு வராம, வீட்டுக் கிணத்தடியில் நட்டிருந்தாங்க. நாலு தூர் வந்திருந்தது. பாத்திரம் கழுவுற தண்ணிதான் அதுக்குப் பாசனம். வாய்க்கால் தண்ணி ஒரு சொட்டு போனதில்லை. அந்த நாலில் ரெண்டு காஞ்சு நின்னுது. பிளந்தோம். சிவப்பு, நடுவே வெள்ளைத் திட்டு.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "அப்ப கரணையில வந்துதா?"

இந்த இடத்தில்தான் எனக்கு ஆராய்ச்சி முறைன்னா என்னன்னு உரைச்சுது. அந்த ரெண்டு கரும்பு என்ன சொல்லுது, என்ன சொல்லலை? பங்காளி வீட்டுத் தண்ணி இல்லாமலும் நோய் வரும்னு சொல்லுது. கரணைதான் காரணம்னு முழுசா சொல்லலை. வெட்டின கத்தியில் ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம், கொல்லியிலிருந்து எங்க காலிலேயே வந்திருக்கலாம். பங்காளியோட கரும்பு அதே தண்ணி குடிச்சும் நல்லாத்தான் இருந்தது. ஆனா அது வேற ரகம், அதை வச்சும் தண்ணி சுத்தம்னு சொல்லிட முடியாது. சரியா செய்யணும்னா ரெண்டுக்கு ரெண்டு டேபிள் போடணும். சந்தேகக் கரணை, நல்ல கரணை. சந்தேகத் தண்ணி, நல்ல தண்ணி. ரகம் ஒண்ணு, மண் ஒண்ணு, நாலு கட்டத்துக்கும் தனித்தனிச் செடி. நம்ம எக்ஸ்பெரிமென்ட் டிசைன் பாடத்தில் வர்ற அதே விஷயம்தான். கம்ப்ளெயின்ட் எழுத அவ்வளவு ஆதாரம் இல்லை. அதை நிறுத்த அந்த ரெண்டு கரும்பே போதும்.

அதுக்கப்புறம் லைப்ரரியிலும் ராத்திரி போனிலும் இதையே தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். டீக்கடையில் நடந்த வாதம் ஐரோப்பாவில் 1840களிலேயே நடந்திருக்கு. 1845ல் அயர்லாந்து உருளைக்கிழங்கு அழுகி பெரும் பஞ்சம் வந்தப்போ, அழுகின இலையில் பூசணம் இருக்கறதை நிறையப் பேர் பார்த்தாங்க. ஆனா செடி அழுகினதால பூசணம் வந்துச்சுன்னுதான் அறிஞர்கள் பலரும் சொன்னாங்க. நம்ம பலா ஆண் பூ மாதிரி. ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி 1860களின் தொடக்கத்தில் அந்த விதைத்தூளை நல்ல இலை மேலே வச்சார். பக்கத்தில் எதுவும் வைக்காத இலை. வச்ச இலைக்கு நோய் வந்தது, வைக்காத இலைக்கு வரலை. வாதம் அதோட திரும்பிடுச்சு. (அந்த உயிரியை இப்போ பூஞ்சைக் கூட்டத்தில் சேர்க்கறதில்லை, அது வேற கதை.)

கொஞ்ச வருஷம் கழிச்சு ராபர்ட் கோக் பேரில் இது நாலு படியா உருவானது. ஒண்ணு, நோயுள்ள செடியில் எல்லாம் அந்தக் கிருமி இருக்கணும். ரெண்டு, அதைத் தனியாப் பிரிச்சு வளர்க்கணும். மூணு, அதை நல்ல செடிக்குக் கொடுத்தா அதே நோய் வரணும். நாலு, அந்தச் செடியிலிருந்து மறுபடி அதே கிருமியை எடுக்கணும். சுருக்கமாச் சொன்னா, நோயைப் புரிஞ்சுக்கணும்னா நோயை நீயே உண்டாக்கிக் காட்டணும். உடைஞ்ச ஷாஃப்ட்டை மட்டும் பார்த்து காரணம் சொல்லாதே, அதே லோடில் இன்னொண்ணை உடைச்சுக் காட்டுன்னு நமக்குச் சொல்றாங்களே, அதேதான்.

எழுதும்போது நாலு வரி. செய்யும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணி இருக்கு. ரெண்டாவது படியையே எடுங்க. கரும்பில் எந்த இடத்தை வெட்டி எடுப்பீங்க? நல்லா அழுகின நடுப்பகுதின்னு தோணும். தப்பு. அங்கே பிந்தி வந்த ஆயிரம் கிருமி விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். நல்ல திசுவும் கெட்ட திசுவும் சேர்ற எல்லையில் வெட்டணும். முதல்ல நுழைஞ்சவன் அங்கேதான் இருப்பான். அந்தத் துண்டை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி வெளிக்கிருமியைக் கொன்னு, சுத்தமான தண்ணியில் அலசி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகாரும் சேர்ந்த தட்டில் வைப்பாங்க. முளைச்சு வர்றதில் ஒரே ஒரு விதைத்தூளை மட்டும் எடுத்து மறுபடி வளர்ப்பாங்க. அப்போதான் தட்டில் இருக்கறது ஒரே ஆள்னு உறுதி.

செவ்வழுகல் பூஞ்சைக்குப் பேர் கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம். 1893ல் ஜாவாவில் வெண்ட் என்ற டச்சு அறிஞர் விவரிச்சார். 1901 வாக்கில் அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரி டெல்டாவில் அதைப் பதிவு செஞ்சவர் பார்பர். 1912ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினப்போ அதை வழிநடத்தியவரும் அதே பார்பர்தான்.

அங்கே இன்னைக்கு வரைக்கும் நடக்கற சோதனை ரொம்ப எளிமையானது. ஏழெட்டு மாசக் கரும்பில், கீழிருந்து மூணாவது கணுவிடையில் ஒரு சின்னத் துளை போடுவாங்க. விதைத்தூள் கலந்த தண்ணியை ரெண்டு சொட்டு உள்ளே விட்டு, களிமண் மாதிரி ஒண்ணால் துளையை அடைப்பாங்க. 60 நாள் கழிச்சு நெட்டுவாக்கில் பிளந்து பார்ப்பாங்க. மேல்தோகை பச்சையா, மஞ்சளா, காய்ஞ்சதா? சிவப்பு எவ்வளவு அகலம்? வெள்ளைத் திட்டு இருக்கா? எத்தனை கணுவைத் தாண்டியிருக்கு? எல்லாத்துக்கும் மார்க். மொத்தம் 0 முதல் 9 வரை. 2க்குள்ளே இருந்தா எதிர்ப்பு ரகம், 8ஐத் தாண்டினா அந்த ரகம் பொழைக்காது. துளை போட்டாலே கரும்பு சிவக்கும்கறதால், வெறும் தண்ணி விட்ட கரும்பு பக்கத்தில் இருந்தாத்தான் எது காயத்தோட சிவப்பு, எது நோயோட சிவப்புன்னு பிரிக்க முடியும்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல் வருது. துளை போட்டு விடும்போது கரும்போட தோலை நாமே தாண்டிடறோம். கதவை உடைச்சுத் திருடனை உள்ளே தள்ளிட்டு, "வீட்டுக்குள்ள நாய் இருக்கா"ன்னு சோதிக்கிற மாதிரி. கொல்லியில் பூஞ்சைக்கு யார் துளை போட்டுக் கொடுப்பா? அது பெரும்பாலும் கணு வழியா நுழையுது. ஒரு ரகத்துக்கு கணுவே கெட்டியான பூட்டா இருந்தா, துளைச் சோதனையில் அது ஃபெயில் ஆகும், கொல்லியில் பாஸ் ஆகும். அதனால ரெண்டாவதா ஒரு முறை: கணுவில் சோகையை உரிச்சிட்டு, விதைத்தூள் கரைசலில் நனைச்ச பஞ்சைச் சுத்தி வைப்பாங்க. காயம் கிடையாது. ரெண்டும் ஒரே பூஞ்சை, ஒரே கரும்பு, ஆனா ரெண்டு வேற கேள்வி. துளை முறை 'உள்ளே வந்துட்டா தாங்குமா?'ன்னு கேக்குது. பஞ்சு முறை 'உள்ளே வர விடுமா?'ன்னு கேக்குது. எந்தக் கேள்விக்கு வந்த பதில்னு தெரியாம மார்க்கை மட்டும் படிச்சா ஏமாந்துடுவோம்.

உள்ளே எப்படித்தான் நுழையுது? இது நம்ம ஏரியா. இந்த வகைப் பூஞ்சைகள் இலை மேலே முளைச்சதும் நுனியில் ஒரு சின்னக் குமிழ் கட்டும். அது ஒட்டிக்கிட்டு, உள்ளே அழுத்தத்தை ஏத்தி, அடியிலிருந்து ஒரு ஊசியை இறக்கும். நெல் குலை நோய்ப் பூஞ்சையில் அந்த அழுத்தத்தை 1991ல் அளந்தாங்க. இத்தனூண்டு குமிழில் பிரஷர் கேஜ் எப்படி மாட்டுவீங்க? மாட்டலை. குமிழ்களை அடர்த்தி கூடிக்கிட்டே போற கரைசல்களில் வச்சாங்க. எந்த அடர்த்தியில் குமிழ் சப்பளிஞ்சு போகுதோ, அந்தக் கரைசலோட சவ்வூடுபரவல் அழுத்தம் உள்ளே இருந்த அழுத்தத்துக்குச் சமம். வந்த விடை சுமார் 8 மெகாபாஸ்கல். கார் டயரில் அடிக்கிற காத்தை விட 35 மடங்குக்கு மேல. இலையே வேண்டாம்னு பிளாஸ்டிக் படலம் மேலே விட்டாங்க, அதையும் துளைச்சுது. அப்போ தோலை அமிலம் ஊத்தி மட்டும் கரைக்கலை, நிஜமாவே குத்துதுன்னு தெரிஞ்சுது.

1999ல் நம்ம செவ்வழுகல் பூஞ்சைக்குப் பங்காளி ஒண்ணை, சோளத்தைத் தாக்குற கொலெட்டோட்ரைக்கத்தை, அலுமினியம் பூசின நெகிழ்வான படலத்தில் முளைக்க விட்டு, படலம் எவ்வளவு குழியுதுன்னு ஒளியை வச்சு அளந்தாங்க. ஒரு குமிழோட விசை சுமார் 17 மைக்ரோநியூட்டன். ஒண்ணே முக்கால் மில்லிகிராம் எடைதான். ஆனா அது இறங்கற பரப்பு அவ்வளவு சின்னது. நெய்வேலி சுரங்கத்தில் பக்கெட் வீல் மண்ணை வெட்டறதை வாயைப் பிளந்து பார்த்த நான், ஒரு கணுவில் நடக்கற இந்தத் தோண்டலைக் கேட்டு அதை விட அதிகமா ஆச்சரியப்பட்டேன்.

இந்த அறிவு எதுக்கு உதவும்? குலை நோய்க் குமிழோட சுவரில் மெலனின்னு ஒரு கறுப்புப் பூச்சு உண்டு. அது இல்லைன்னா அழுத்தம் நிக்காது. நெல் விவசாயிகள் அடிக்கிற டிரைசைக்ளசோல் செய்யறது அதைத்தான்: பூஞ்சையை நேரா கொல்றதில்லை, அந்தப் பூச்சு உருவாகறதைத் தடுக்குது. டியூப் ஓட்டையான பம்ப் மாதிரி பூஞ்சை மேலேயே கிடக்கும். இந்த ஆராய்ச்சியில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. உலகம் முழுக்கக் குலை நோய் லேப்களில் நோய் சுலபமா வர்ற ஒப்பீட்டு ரகமா வச்சிருக்கறது கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல். அதுக்கும் நோய் வரலைன்னா அன்னைக்கு நடந்த சோதனையே செல்லாது. நோயை எதிர்க்காத ரகத்துக்கும் அறிவியலில் ஒரு மரியாதை இருக்கு.

நுழைஞ்ச பிறகு எப்படிக் கொல்லுது? அதுக்கும் தனி முறை வேணும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் தலைமையில் 1950களில் பருத்தி வாடல் நோயை ஆராய்ஞ்சாங்க. அந்த ஃபியூசேரியம் பூஞ்சை குடுவையில் ஃபியூசாரிக் அமிலம்னு ஒரு நஞ்சைச் செய்யுது, அதைக் கொடுத்தா செடி வாடுது. முடிஞ்சதா? இல்லை. குடுவையில் செய்யறதைச் செடிக்குள்ளேயும் செய்யுதான்னு அவங்க கேட்டாங்க. வாடின பருத்தியிலிருந்தே அந்த அமிலத்தைப் பிரிச்சுக் காட்டினாங்க. ஒரு ஆளு வீட்ல கத்தி இருக்கறது வேற, அதே கத்தி சம்பவ இடத்தில் கிடைக்கறது வேற. இப்போ மரபணுவிலும் இதே தர்க்கம்தான். சந்தேகப்படற மரபணுவைப் பூஞ்சையிலிருந்து நீக்கு; நோய் நிக்கணும். திரும்ப வை, நோய் திரும்ப வரணும். இந்தக் கடைசிப் படியைச் செய்யலைன்னா, நீக்கும்போது வேற எதையாவது உடைச்சிருக்கலாமேன்னு கேள்வி நிக்கும். கோட்ல ஒரு லைனை கமென்ட் பண்ணிட்டு, மறுபடி திறந்து பார்க்கற மாதிரி.

இதெல்லாம் படிச்சப்போ எங்க ஊர்ப் பேரோட ஒரு ரகம் கண்ணில் பட்டது. கோசி 671. கோசின்னா கோயம்புத்தூர்-கடலூர். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செஞ்சது. சர்க்கரைச் சத்தில் அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆலைக்கும் சந்தோஷம், விவசாயிக்கும் சந்தோஷம். பக்கத்து பக்கத்து ஊரெல்லாம் ஒரே ரகம். அதுதான் பூஞ்சைக்கும் சந்தோஷம். செவ்வழுகல் வந்து தமிழ்நாட்டில் அந்த ரகத்தைக் கவிழ்த்துடுச்சு. "அறுநூத்தி எழுவத்தொண்ணா? அது தங்கமாச்சே"ன்னு ஊர்ப் பெருசுங்க இன்னும் பெருமூச்சு விடறாங்க. உத்தரப்பிரதேசத்தில் பெரும்பகுதிக் கரும்பா இருந்த கோ 0238க்கும் சமீப வருஷங்களில் இதே கதிதான்.

சோதனையில் தாங்கின ரகம் ஏன் பின்னாடி விழுது? பூஞ்சையும் மாறிக்கிட்டே இருக்கு. அதனால நாட்டின் பல பகுதியிலிருந்து எடுத்த பூஞ்சை இனங்களுக்கு எண் கொடுத்துக் காப்பாத்தி வச்சிருக்காங்க. கோசி 671லிருந்து எடுத்ததுக்கு சிஎஃப் 06ன்னு பேர். எங்க பக்கத்துக் கொல்லிகளில் அந்தக் கரும்பு இல்லை. அதைக் கவிழ்த்த பூஞ்சை மட்டும் சோதனைக் குழாயில் உயிரோட இருக்கு. தென்னிந்தியாவுக்கு வர்ற புது ரகம் அதைத் தாங்கிக் காட்டணும். வில்லனைக் கொல்லாம ஜெயில்ல வச்சு, புதுசா வர்ற ஒவ்வொரு ஹீரோவோடயும் சண்டைக்கு விடற மாதிரி.

சித்தப்பா அந்த வருஷம் நோய் வந்த தூரையெல்லாம் தோண்டிக் கொளுத்தினார். மறுதாம்பு விடலை. அடுத்து நெல் நட்டார். வளையலை மீட்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. கம்ப்ளெயின்ட் எழுதாம நின்னதால பங்காளியோட ஒண்ணும் கட்டிப்பிடிச்சுக்கலை. ஆனா கல்யாணப் பத்திரிகை மறுபடி வர ஆரம்பிச்சிருக்கு. இந்தத் தடவை கரணை வாங்கப் போனப்போ, பார்க்க நல்லா இருக்குன்னு எடுக்கலை. பத்துக் கரும்பைப் பிளந்து காட்டச் சொல்லியிருக்கார். பீல்டுமேன் ஒரு புது ரகத்தைப் பத்தி ரொம்பப் பெருமையா பேசினாராம். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு சித்தப்பா கேட்ட கேள்வியை அவரே எனக்கு போனில் சொல்லிச் சிரிச்சார்:

"அதெல்லாம் சரி சார், தொளை போட்டு வுட்டதுல எவ்ளோ மார்க்கு, கணுவுல பஞ்சு வச்சதுல எவ்ளோ மார்க்கு? ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க."